நீலம் ஏறாத ஓடு

லெட்சுமி அக்கா காலமான செய்தி போன செவ்வாய்க்கிழமை காலை, பாயான் பாரு சந்தையில் மீனுக்காக நின்றபோது கைப்பேசியில் வந்தது. நம் பழைய ஆய்வுக்கூடக் குழுவில் அவருடைய மகள் போட்டிருந்தார். நீங்கள் எல்லாரும் அஞ்சலி எழுதினீர்கள். நான் எழுதவில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஏன் என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

அவரும் நானும் அடுத்தடுத்த மேசை. கல்லை உடைத்து ஊறவைத்து, சேற்றைச் சல்லடையில் அலசி, மிஞ்சியதைக் காயவைப்போம். அதில் மணல் அளவே உள்ள பழங்காலக் கடல் உயிரிகளின் ஓடுகள் கிடக்கும். கல்லின் வயதைச் சொல்பவை அவைதான். நுண்ணோக்கியில் பார்த்தபடி, ஈரத் தூரிகையின் நுனியால் அக்கா ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பார். யாராவது தும்மினால் போச்சு. "தும்மணும்னா வெளிய ஜாலான்ல போய்த் தும்மு லா! அரை நாள் வேலை பறந்துரும்" என்று விரட்டுவார். நம்மில் அந்தத் திட்டு வாங்காதவர் யார்?

ஒரு கல் முடிந்ததும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்க வேண்டும். கண்ணியில் பழைய ஓடு ஒட்டியிருந்தால் நீலமாகிவிடும். அடுத்த கல்லில் கலந்தாலும் அடையாளம் கண்டு ஒதுக்கிவிடலாம். இதில் அக்கா மகா பிடிவாதம். அவர் விரல்களும் எப்போதும் நீலம்தான். "கல்யாண வீட்டுல கேட்டா, இதான் எங்க ஆபீஸ் மருதாணின்னு சொல்லிருவேன்" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பட்டர்வொர்த் ஃபெரியைப் பிடிக்கும் அவசரத்தில் நான் சாயம் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவிவைத்தேன். திங்களன்று அக்கா அதே சல்லடையை எடுத்தார். அவர் கல்லில் இருக்கவே கூடாத ஓர் ஓடு கிடைத்தது. வெள்ளையாக இருந்ததால் நம்பிவிட்டார். அறிக்கை தப்பென்று திரும்பி வந்தது. "நீலம் போட்டீங்களா இல்லையா?" என்று மேலாளர் எல்லார் முன்னாலும் கேட்டார். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "நான்தான் சரியா கவனிக்கல சார்" என்றார். நான் குனிந்து தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறு வாரமே அவரைக் கல் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டும் ஸ்டோருக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். அவரைக் கவனமில்லாதவர் என்று உங்களில் யாராவது நினைத்திருந்தால், அது நான் வாங்கித் தந்த பெயர்.

வேலையின் கடைசி நாளில் சிறு கண்ணாடித் தகடு ஒன்றை என் கையில் வைத்தார். உள்ளே அந்த ஒற்றை வெள்ளை ஓடு. "இது உன் கல்லுல உள்ளது தம்பி. நீயே வச்சுக்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அன்றாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "டீ குடிச்சீங்களாக்கா?" என்றுதான் கேட்டேன்.

டத்தோ கிராமாட்டில் அவர் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது விரல்களைத்தான் பார்த்தேன். கொஞ்சமும் நீலம் இல்லை.

தகடு என்னிடம் இருக்கிறது. அதன் சீட்டில் அக்கா எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். நேற்று என் பெயரை எழுதினேன்.