மழை இல்லை என்று சொன்னேன்

மழை வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே, வராது என்று சொன்னேன்.

என் கணவருக்கு வலது கால் போனது அதனால்தான். மலை ஏமாற்றிவிட்டது என்று ஊரார் இன்றைக்கும் பேசுகிறார்கள். மலை யாரையும் ஏமாற்றவில்லை... நான் ஏமாற்றினேன்!

நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எந்த வயதிலும் எனக்கு நா எழுந்ததில்லை. மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் சாமியாரின் காதோடு காதாகச் சொல்லிவிட்டு வருகிறார்கள். எங்களுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்த எழுத்து மட்டும் இருக்கிறது. ஆகையால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் யாரோ, நான் அறியேன். வேலை ஒன்றும் இல்லாமல், ஏறிப் பார்க்கும் ஆசைக்காகவே மலையேறுகிறவராக இருக்கலாம். அப்படியானால் நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். அடிவாரத்தில் ஒரு பொம்பளையிடம் மழை வருமா என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லை நம்பித்தானே நீங்கள் போவீர்கள்?

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை போகும் வழியில், மாந்தோப்புகள் முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. முன்பெல்லாம் துரைமார்கள் இந்தப் பாதையில்தான் டோலியில் உட்கார்ந்து கொடைக்கானல் போனார்கள். என் கணவர் டோலி தூக்கியவர். (அவர் பெயரை எழுதக் கை வரவில்லை, மன்னியுங்கள்.) வத்தலக்குண்டு வழியாக மோட்டார் பாதை வந்ததும் டோலி நின்றுபோயிற்று. அதற்கப்புறம் வந்தவர்கள் வேறு மாதிரி மனிதர்கள். மோட்டார் இருக்கும்போதே, காலால் ஏறுவதுதான் சுகம் என்று டவுனிலிருந்து கிளம்பி வந்தார்கள். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எங்கள் சனங்கள் சிரித்தார்கள். என் கணவர் அவர்களுக்கு வழிகாட்டியாகப் போனார்.

அவர்களில் முக்கியமானவர் சவரிமுத்து வாத்தியார். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம், கூட்டாளிகள் இரண்டு பேரோடு வந்துவிடுவார்.

சித்திரை மாதத்து மலையைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கீழே வெயில் தீய்க்கும். மேலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இடித்துக் கொட்டும். நீங்கள் பாதையின் குறுக்கே ஓடும் ஆற்றில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பீர்கள்... ஓர் இரைச்சல் கேட்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் இடுப்பளவு வந்துவிடும். அதனால்தான் ஏறுவதற்கு முன் என்னைக் கேட்டார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் இலவம்பஞ்சு அடிக்கிறவள். காயை உடைத்து, பஞ்சை அடித்துக் கொட்டையைப் பிரித்து, சாக்கில் அடைப்பது எங்கள் வேலை. மூச்சு விட்டாலே பறக்கிற பஞ்சு அது. விடிகாலையில் மலையிலிருந்து காற்று இறங்கினால், பஞ்சு தோப்பைப் பார்த்து ஓடும். அன்று மலை தெளிவாக இருக்கும். காற்று இறங்காமல், பஞ்சு எழும்பிய இடத்திலேயே தொங்கினால், விரலை விட்டு உதிராமல் ஒட்டிக்கொண்டால், அன்று உச்சிப்பொழுதுக்கு மேல் மலையில் மழை நிச்சயம். இதில் பெரிய வித்தை ஏதுமில்லை. பஞ்சுக் கொட்டகையில் வேலை செய்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் வீடு பாதையோரம், அவ்வளவே.

கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று சொல்வேன். வெளியே வரக் கூச்சம். வாத்தியார் அதற்காகவே எனக்குக் கதவு என்று பெயர் வைத்துவிட்டார். "அண்ணே, கதவுகிட்டக் கேட்டாச்சா?" என்பார். உள்ளே நின்றபடி சிரித்துக்கொள்வேன்.

இனி என் மனதில் இருந்த விஷத்தைச் சொல்கிறேன்.

கலியாணமாகி நெடுநாளாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. மாமியார் சாகும் வரையில், தன் மகனுக்கு இன்னொருத்தியைப் பார்க்கலாம் என்று சாடையாகவும் நேராகவும் பேசினாள். அவர் சிரித்துத் தள்ளிவிட்டார். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்... சில காலம்.

ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் அவர் மேலேயே தங்கிவிடுவார். மலைக்கு மேல் ஒரு சிற்றூர் உண்டு. மறுநாள் வருவார். மழையில் நனைந்த ஆள், உலர்ந்த வேட்டியோடு வருவார். தலையில் எண்ணெய் வைத்துச் சீவியிருக்கும். ஒருமுறை, தோளில் கிழிந்து போன சட்டை தைத்திருந்தது. சிவப்பு நூல். பொடிப்பொடியான தையல். ஆண்பிள்ளை கை அப்படித் தைக்காது.

"யாரு தச்சது?" என்றேன்.

"அங்கன ஒரு வீட்ல."

"எந்த வீட்ல?"

"பேரத் தெரிஞ்சு நீ என்ன செய்யப் போற? சட்ட கிழிஞ்சிருந்துச்சு, தச்சுக் குடுத்தாக."

ஒளிக்க ஏதும் இல்லாதவர் பெயரைச் சொல்லியிருப்பார் அல்லவா? அன்றிலிருந்து அவர் கிளம்பும்போதெல்லாம் எந்தச் சட்டையைப் போடுகிறார் என்று பார்த்தேன். திரும்பியதும் முகர்ந்து பார்த்தேன். தூக்கத்தில் ஏதாவது உளறுவாரா என்று விழித்துக் கிடந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே என் சந்தேகத்துக்குத் தீனியாயிற்று. இவ்வளவு பத்திரமாக மறைக்கிறாரே என்று நினைத்தேன்!

அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மழை வரும் என்று தெரிந்த ஒரு நாளில் அவர்களைப் போகச் சொல்வது. காலையிலேயே ஆற்றைத் தாண்டிவிடுவார்கள். வெள்ளம் பிற்பகலில்தான் வரும். அவர் மேலே தங்க வேண்டியிருக்கும். விடிந்து தண்ணீர் வடிந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் நானே ஏறிப் போவேன். எந்த வீட்டிலிருந்து எழுந்து வருகிறார் என்று கண்ணால் பார்த்துவிடுவேன். ஒருவருக்கும் ஆபத்து இல்லை என்றே கணக்குப் போட்டேன். நம்புங்கள்... நம்பாவிட்டாலும் நான் என்ன செய்ய முடியும்?

அந்த நாள் வந்தது. விடிகாலையில் கொட்டகையில் ஒரு பிடி பஞ்சைத் தூவினேன். தூவிய இடத்திலேயே நின்றது. விரல்களில் ஒட்டியது.

வாத்தியாரும் கூட்டாளிகளும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "கதவு என்ன சொல்லுது?" என்றார் வாத்தியார்.

"போய்ட்டு வாங்க. மழை இல்ல."

என் கணவர் உள்ளே வந்தார். "நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

விரலில் இருந்த பஞ்சை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு குனிந்து தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உச்சி சாய்ந்ததும் மேலே இடித்தது. எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லட்டுமா? சந்தோஷமாக இருந்தது! நாளைக்கு உண்மை தெரிந்துவிடும் என்று, வழிக்குக் கட்டுச்சோறு கட்ட உட்கார்ந்தேன்.

பொழுது சாய்வதற்குள், டோலி தூக்கியவரை வேட்டியில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அவர்கள் பாதி வழியிலேயே திரும்பியிருக்கிறார்கள். ஆற்றில் இறங்கினபோது வெள்ளம் வந்துவிட்டது. கூட்டாளிகள் கரையேறிவிட்டார்கள். வாத்தியார் நடுவில் சிக்கிக்கொண்டார். என் கணவர் அவரைப் பிடித்துக் கரைக்குத் தள்ளியிருக்கிறார். உருண்டு வந்த பாறைக்கும் கரைப் பாறைக்கும் நடுவே இவர் கால் மாட்டிக்கொண்டது. பெரியகுளம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வாத்தியார் அழுதார். முதல் தடவையாக, இடையில் கதவு இல்லாமல் அவர் எதிரே நின்றேன்.

"அண்ணன்தான் திரும்பச் சொன்னாக தங்கச்சி. வீட்ல அவ மொகம் சரியில்ல வாத்தியாரே, என்னமோ போல இருந்தா, இன்னைக்கு மேல தங்க வேணாம், பொழுதோட எறங்கிருவோம்னாக. கேக்காம ஏறிப் போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது." அப்புறம் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார்: "நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத. கதவு சொல்லி ஒருநா தப்பிப் போச்சு. சாமியா நீ?"

அப்போதே சொல்லியிருக்கலாம்.

என் முகம் சரியில்லை என்று திரும்பினாராம். என் முகத்தில் அவர் கண்டது என்ன? எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தாரா? பொய் சொல்லுகிறேன் என்று கண்டுகொண்டாரா? கண்டுகொண்டதால்தான், வெள்ளத்துக்கு முன்னே ஆற்றைத் தாண்டிவிட அவசரப்பட்டாரா? கண்டுகொண்டவர் ஏன் கிளம்பிப் போனார்? நாலு பேருக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றா? ஒரு பதிலை நம்பிப் படுப்பேன். விடியும்போது மற்றதை நம்பிக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, மலைமேல் இருக்கும் அந்தச் சிற்றூரிலிருந்து ஒரு பெண் அவரைப் பார்க்க வந்தாள். இடுப்பில் குழந்தை. பின்னால் அவள் புருஷன் மலைவாழைத் தாரைத் தோளில் சுமந்து வந்தான். "அண்ணே எப்படி இருக்காக?" என்று என்னைக் கேட்டாள். அந்த அண்ணேயை நான் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா! கூடப் பிறந்தவனைக் கூப்பிடுவது போலவும் இருந்தது. பிறர் காதுக்காகச் சொல்லிப் பழக்கி வைத்தது போலவும் இருந்தது. குழந்தை என் கணவரின் விரலைப் பிடித்து இழுத்தது. நான் குழந்தையின் மூக்கைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன். புருஷன் சாடையா, இவர் சாடையா... சட்டையைத் தைத்தது நீயா என்று கேட்க நா எழவில்லை. போய்விட்டாள். அப்புறம் வரவேயில்லை.

இத்தோடு என் குற்றம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இதை எழுதத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.

அவர் தப்பு செய்தவராக இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்! அன்று சந்தேகத்தால் துழாவினேன். அதற்குப் பிறகு ஆசையால் துழாவுகிறேன். மலையிலிருந்து யார் இறங்கி வந்தாலும், பேச்சோடு பேச்சாக அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கிறேன். ஒரு சின்னத் துப்புக் கிடைத்தால் போதும், என் பாரத்தில் பாதியை அவர் தலையில் வைத்துவிடலாம் அல்லவா? கட்டுப் போட்டுவிட்டேன், கழுவிவிட்டேன், கைத்தாங்கலாக நடத்தினேன். எல்லாம் செய்துகொண்டே, இவர் துரோகியாக இருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். ஊரில் எனக்குப் பதிவிரதை என்று பெயர்.

கால் போன பிறகு அவரும் என்னோடு கொட்டகைக்கு வந்துவிட்டார். எதிரே உட்கார்ந்து பஞ்சில் கொட்டை பிரிக்கிறார். காற்று இறங்குகிற நாள் எது, பஞ்சு விரலில் ஒட்டுகிற நாள் எது என்று இப்போது அவருக்கும் என்னைப் போலவே தெரியும். அப்படியானால், அன்று காலை என் விரலில் என்ன இருந்திருக்கும் என்பதும் தெரியாமலா இருக்கும்?

அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இதை யாரேனும் படித்துச் சொன்னால் என்ன சொல்வார் என்று பயமாக இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவாரோ என்றுதான் அதைவிடப் பயமாக இருக்கிறது.

யுத்த காலத்தில் மலையேற ஒருவரும் வரவில்லை. அது முடிந்த பிறகு, காக்கி அரைக்கால் சட்டை போட்ட பையன்கள் மலையேற வருகிறார்கள். போன வாரமும் வந்தார்கள். மேலே மழை உண்டா என்று அவரைத்தான் கேட்டார்கள். அவர் மடியில் பஞ்சு கிடந்தது. விரலெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒரு வார்த்தை அவரே சொல்லி அனுப்பியிருக்கலாம்.

"அந்தா இருக்கா பாருங்க, அவளக் கேளுங்க தம்பி. அவ சொன்னா, நான் போவேன்" என்றார்.

மழை வரும், போகாதீர்கள் என்றேன். பையன்கள் திரும்பிப் போனார்கள். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்தபடி, விரலில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வோர் இழையாக எடுத்துக்கொண்டிருந்தார்.