நான் பிடுங்கிய கோவாக் கன்று

எனக்கு ஏழு வயதானபோது, பிறந்த நான்காம் நாள் என் தம்பி மௌத்தானான். அவனை அடக்கம் செய்தபோதும் உம்மா அழவில்லை, கதைப்பதைத்தான் நிறுத்திவிட்டார். ஆறுதல் சொல்லத் தெரியாத வாப்பா, ஒருநாள் சந்தையிலிருந்து பத்துக் கோவாக் கன்றுகளை, முட்டைக்கோஸ் நாற்றுகளை, கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார்.

எங்கள் கடலோர ஊரான சாய்ந்தமருதின் மணலில் கோவாவா என்று பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். ஆனால் உம்மா எழுந்தார். மாட்டெருவைக் கலந்து பத்தையும் நட்டார். விடியற்காலையில் இலையோரங்களில் நீர்மணிகள் கோத்து நிற்க, அவற்றின் முன்னால் அவர் குந்தியிருப்பார். எனக்கு அது பெரிய நிம்மதி.

ஒரு கிழமை, ஏழு நாளும், மழை விடாமல் பெய்தது. பிறகு இலையோரங்கள் மஞ்சளாகி, அந்த மஞ்சள் முக்கோணமாக உள்ளே இறங்கியது. நரம்புகள் கறுத்தன. உம்மாவின் தங்கையான சாச்சி விவசாயப் போதனாசிரியை. போனில் நான் சொன்ன விவரத்தைக் கேட்டுவிட்டு, உம்மாவைக் கூப்பிட்டு, "இது பக்டீரியா நோய் ராத்தா. வருத்தம் கூடினத வேரோட புடுங்கி எரிச்சிடுங்க. காலைல நான் வாறன்" என்றார்.

உம்மாவுக்கு மனம் வரவில்லை. அவர் அஸர் தொழப் போன நேரம் பார்த்து நானே களத்தில் இறங்கினேன். என் கண்ணுக்கு மிக மோசமாகத் தெரிந்தது வேலியோரக் கன்றுதான். மற்றவை வெறுமனே மஞ்சளாகியிருந்தன. இதிலோ அம்மைத் தழும்புபோல எங்கும் கருகிய பொட்டுகள். இரண்டு கையாலும் இழுத்துப் பிடுங்கி, அன்றும் தூறிக்கொண்டிருந்த மழையிலேயே போட்டுவிட்டேன்.

காலையில் வந்த சாச்சியிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் இலையொன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதையா மகள் புடுங்கின? இது ஒண்டுதான் எதிர்த்து நிண்டிரிக்கி." பிறகு உம்மாவிடம் திரும்பினார். "கிருமி நுழைஞ்ச இடத்தில, சுத்தியிருக்கிற சின்னச் சின்ன உயிர்க்கலமெல்லாம் தானாச் செத்துப்போகும் ராத்தா. செத்த இடத்தத் தாண்டிக் கிருமிக்குப் போக ஏலாது. அந்தப் பொட்டுத்தான் இது. மத்த இலைகளுக்கும் செய்தி போகும், ஆயத்தமா இரி எண்டு."

நான் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் கோடு கீறியதுபோல ஓர் எல்லை, அதற்கப்பால் பச்சை. அந்தச் செய்தி கேட்குமா என்று இலையில் காதை வைத்துப் பார்த்தேன்.

உம்மா மெல்லக் கேட்டார்: "அப்ப, அந்தக் கொஞ்சம் செத்த பொறகும் மத்ததெல்லாம் உசிரோடதான் இரிக்கா?"

"ஓம் ராத்தா."

உம்மா மண் ஒட்டிய அந்தக் கன்றைக் கையில் தூக்கி, வாய்விட்டு அழுதார். நான் பயந்துபோய், "இனி ஒண்டையும் புடுங்க மாட்டன் உம்மா" என்றேன். அவர் மண் கையோடு என்னை இழுத்து, மூச்சு முட்ட அணைத்துக்கொண்டார்.

அந்தக் கன்றை அவரே திரும்ப நட்டு, தென்னோலையால் நிழல் கட்டினார். மூன்று நாள் துவண்டு கிடந்தது. நான்காம் நாள் நிமிர்ந்தது. மற்ற ஒன்பதையும் ஒவ்வொன்றாக எரிக்க வேண்டியதாயிற்று. இது மட்டும் வடுக்களோடு வளர்ந்து, சிறு தேங்காயளவு உருண்டது.

அதைத் தேங்காய்ப் பால்விட்டுச் சமைத்த அன்று, பல மாதங்களுக்குப் பிறகு உம்மா சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டிவிட்டார். கன்றைப் பிடுங்கிய குற்றத்தை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, நான் சந்தோஷமாக வாயைத் திறந்தேன்.