பத்து எண்ணுகிற ரெய்னோ

என் தம்பி ரெய்னோ கங்காஸ் எந்த எஞ்சினுக்கும் பத்து எண்ணுவதற்கு மேல் அவகாசம் கொடுத்ததில்லை. பனி வண்டியோ, பனி தள்ளும் மெஷினோ, சாவியைத் திருப்பிவிட்டு ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணுவான். பத்துக்குள் பிடிக்காவிட்டால் நிறுத்திவிட்டு ஸ்பானரைத் தேடுவான். "அதுக்கு மேல திருகினா ப்ளக் நனைஞ்சிடும், பாட்டரி செத்துடும். பிடிக்காத வண்டிகிட்ட கெஞ்சக் கூடாது" என்பான். வண்டிகளைப் பழுதுபார்க்கிற தன் கொட்டகைச் சுவரில் 'பத்து எண்ணு, நிறுத்து' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியும் வைத்திருந்தான். ஏரிக்கரையில் ஏப்ரல் வரை பனி கொட்டுகிற எங்கள் ஊரில் முப்பது வருஷம் அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை. நானும்தான், அவனுக்கு ஆறு வயது மூத்தவள்.

போன வருஷத்துக்கு முந்தைய நவம்பரில் ஒரு வண்டியின் எஞ்சினைத் தனியாகத் தூக்கினான். முதுகில் ஏதோ நழுவியது. ஆபரேஷன் ஆயிற்று. ஒரு சின்னப் பால் கேனுக்கு மேல் கனமான எதையும் தொடாதே என்றார் டாக்டர், முழுசாகச் சரியாக இரண்டு வருஷம் பிடிக்கும் என்றும் சொன்னார். அவனைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாததால் என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். தபால் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துவிட்டு, இந்த இல்மா உண்டு, தன் காப்பி உண்டு என்று நிம்மதியாக இருந்தவள் நான். ஒரே சமையலறையில் இரண்டு முன்கோபிகள் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள்.

சண்டை போட்டால்கூடத் தேவலை. அவன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்தான். திங்கட்கிழமை தோறும் கொட்டகைக்குப் போய் அந்தப் பழைய எஞ்சினைத் தூக்கிப் பார்ப்பான், "ஆகாது" என்று திரும்புவான், அன்று முழுக்க வாய் திறக்கமாட்டான். என் தம்பி என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறான் என்று பயந்தேன்.

நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போன இடத்தில்தான் அவனுக்கு உயிர் வந்தது. மெஷின் பாகங்களைத் திரையில் வரைகிற ஒரு புரோகிராம் அங்கே கம்ப்யூட்டரில் இருந்தது. ஆளுக்கு ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தில், இப்போது யாருமே செய்யாத பழைய வண்டிப் பாகங்களை ஒவ்வொன்றாக வரைந்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கலாம், அச்சு அசல் அப்படியே இருக்கும். பாலத்துக்கு அந்தப்புறம் கல்லூரிப் பட்டறையில் வரையத் தெரிந்த டெக்னீஷியன் வேண்டும் என்றார்கள். தூக்கிச் சுமக்கிற வேலை இல்லை. விண்ணப்பித்தான். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை பனிப்புயல் அடித்தது. பாலத்து ரோட்டை மூடிவிட்டார்கள், நூலகமும் மூடல். கல்லூரியிலிருந்து டார்லா ஹென்ரிக்சன் என்ற அம்மாள் போன் செய்தார்.

"பரவாயில்லை கங்காஸ், வீட்டிலேர்ந்தே திரையில பேசுங்க. வரைஞ்சதைத் திறந்து, திருப்பிக் காட்டணும், அதுதான் முக்கியம். இன்னொருத்தரையும் பார்க்கிறோம். நாளைக்கு சாயங்காலமே முடிவு பண்ணியாகணும்."

என் லாப்டாப்பில் அந்தப் படங்களைத் திறந்தால் அது அப்படியே உறைந்துபோகும். மிச்சம் இருந்தது, ரெய்னோ மூன்று மாதமாகப் பாகம் பாகமாக வாங்கி வைத்த புதுக் கம்ப்யூட்டர்தான். கடைசிப் பாகமான ராம் நினைவகப் பட்டைகள் புதன்கிழமைதான் தபாலில் வந்தன.

வெள்ளி காலை எட்டு மணிக்கு எல்லாவற்றையும் பூட்டி முடித்து பட்டனை அழுத்தினான். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. அவன் உதடு அசைந்தது. பத்து வந்ததும் அணைத்தான்.

"என்னடா?"

"பிடிக்கலை."

ஒயர் ஒயராகப் பிடுங்கி மறுபடி சொருகினான். அழுத்தினான், எண்ணினான், அணைத்தான். பெட்டியிலிருந்து மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேலேயே பரப்பினான். எங்கேயாவது தகரத்தில் பட்டு ஷார்ட் ஆகிறதா என்று பார்க்கவாம். பட்டனுக்குப் பதிலாக இரண்டு ஊசிமுனைகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டான். ஃபேன் சுற்றியது. பத்து. அணைத்தான்.

"இந்தச் சின்ன மஞ்சள் விளக்கைப் பாரு. ராம்லதான் கோளாறுன்னு சொல்லுது" என்றான். ஒரு பட்டையைக் கழற்றிவிட்டு மற்றதோடு பார்த்தான். இதைக் கழற்றி அதைப் போட்டான். இடம் மாற்றினான். ஒவ்வொரு தடவையும் மஞ்சள் விளக்கு, கறுப்புத் திரை, பத்து.

ஏலக்காய் ரொட்டி சுட்டு வைத்தேன், தொடவில்லை. மணி பத்தரை.

"செத்த சரக்கைத் தலையில கட்டிட்டான்க்கா. அந்த அம்மாவுக்குப் போன் பண்ணி வேற ஆளையே எடுத்துக்கச் சொல்லிடறேன்."

"வாயைக் கழுவுடா. இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு."

"ஆகாதுன்னா ஆகாது!"

திங்கட்கிழமைக் குரல் அது. ஆனாலும் என்ன நினைத்தானோ, கடைசியாக ஒரு தடவை இரண்டு பட்டைகளையும் போட்டு ஸ்க்ரூடிரைவரால் தொட்டான். ஃபேன் சுற்றியது. ஆறு வரை எண்ணியிருப்பான், கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

பக்கத்து வீட்டு வெர்னா லாத்தி. இமையெல்லாம் பனி.

"ரெய்னோ, கோவிச்சுக்காதப்பா. என் பனி தள்ற மெஷின் பாதியில நின்னுபோச்சு. கணப்புக்கு எண்ணெய் கொண்டாற லாரி பதினொண்ணரைக்கு வருது, வாசல்ல இடுப்பளவு பனி. வழியில்லைன்னா திரும்பிப் போயிடுவான். வீட்ல அவருக்கு ஏற்கெனவே சளி."

நான் குறுக்கே விழுந்தேன். "வெர்னா, இன்னிக்கு அவனுக்கு..."

அவன் அதற்குள் கோட்டை மாட்டிவிட்டான். எஞ்சின் நின்றுபோச்சு என்று யாராவது சொன்னால் அவன் கால் தானாக நடக்கும்.

"முதுகை நினைச்சுப் பாருடா! சொந்த வேலை தலைக்கு மேல கிடக்க, ஊர் வேலைக்குப் போறானாம்!"

"தூக்க மாட்டேன், ப்ளக்கை மட்டும் பார்த்துட்டு வரேன். அக்கா, அதை அணைச்சிடு!"

"நான் என்ன உன் வேலைக்காரியா? வேணும்னா நீயே வந்து அணைச்சுக்கோ!"

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். அந்தச் சனியனை நான் தொடவே இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்று எங்கள் வீட்டைக் காப்பாற்றியது என் ஆத்திரம்தான் என்று சொன்னால் நம்புவீர்களா?

முதுகைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவினேன். ரொட்டித் தட்டு, காப்பிக் கோப்பை, மாவுக் கிண்ணம், எல்லாவற்றையும் டமார் டமாரென்று வைத்தேன். பின்னால் ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே வெர்னாவின் மெஷின் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது. அவளுக்கு மட்டும் ஓடுகிறது என்று பொருமினேன்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். திரையில் எழுத்து!

வெள்ளை வெளேரென்று வரி வரியாக எழுத்து. மஞ்சள் விளக்கைக் காணோம். கூச்சல் போட்டேன், மெஷின் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கும்? வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி ஓடினேன். அறுபத்துநாலு வயதில் நான் ஓடி வருவதைப் பார்த்து, வீடு தீப்பிடித்துவிட்டது என்று வெர்னா நினைத்தாளாம்.

"வந்துடுச்சுடா! பிடிச்சிடுச்சு!"

"என்ன பண்ணின?"

"ஒண்ணுமே பண்ணலை!"

அதுதான் சங்கதி. இருவரும் உள்ளே ஓடி வந்தோம். மதர்போர்டோடு வந்த கையேடு காலையிலிருந்து காப்பிப் பாத்திரத்துக்கு அடியில் கிடந்தது. உருவி எடுத்துப் படித்தேன். காப்பிக் கறை வட்டத்துக்கு நடுவில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது: புது ராம் போட்டு முதல் தடவை தொடங்கும்போது மெஷின் அதை அளந்து பழகிக்கொள்ளும், பதினைந்து நிமிடம் வரை திரை கறுப்பாக இருக்கலாம், நடுவில் அணைக்காதீர்கள்.

ரெய்னோ அதை இரண்டு தடவை படித்தான். காலையிலிருந்து அது பழக ஆரம்பிக்கும்போதெல்லாம் இவன்தான் கழுத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறான். பட்டையை மாற்றி மாற்றிப் போட்டதில் அது ஒவ்வொரு தடவையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கியிருக்கிறது.

"நல்லாத்தான் இருந்திருக்கு. நான்தான் விடலை" என்றான் மெதுவாக. அவன் கம்ப்யூட்டரை மட்டும் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது.

எதையும் அணைக்காமல் அட்டைப்பெட்டி மேலேயே விட்டு, வேண்டிய புரோகிராமையும் தன் படங்களையும் ஏற்றி, என் பழைய காமிராவைத் திரைமேல் ஒட்டி முடிக்க மணி ஒன்றே முக்கால் ஆயிற்று. இரண்டு மணிக்கு டார்லா அம்மாள் திரையில் வந்தார். நான் காமிராவுக்குத் தெரியாமல் அடுப்போரம் நின்றேன்.

"முப்பது வருஷம் எஞ்சின் பார்த்தவர். எதுக்கு இதுக்கு வரணும்னு நினைக்கிறீங்க?"

ரெய்னோ வாயைத் திறந்தான், மூடினான். முகம் வெளிறிவிட்டது. என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தேன். ஏழு, எட்டு. அவனுக்காக நானே ஏதாவது உளறிவிடலாமா என்று நாக்கு துடித்தது. பத்து. "கேக்குதா கங்காஸ்?" என்றார் அந்த அம்மாள். நான் கைத்துண்டைக் கடித்துக்கொண்டேன். பதினைந்து. இருபது.

"கேக்குதும்மா" என்றான். "ஒண்ணைக் காட்டறேன், பாருங்க." படத்தைத் திறந்தான். ஒரு பழைய கார்புரேட்டர் மூடி திரையில் மெல்லச் சுழன்றது. எந்த இடத்தில் விரிசல் விடும், அங்கே ஏன் ஒரு நூல் கனம் கூட்டினேன் என்று பேச ஆரம்பித்தான். நாற்பது நிமிடம் நிறுத்தவே இல்லை. பதினாலு மாதத்துப் பேச்சை அன்றைக்கே பேசித் தீர்த்தான். நான் அடுப்போரம் நின்று அழுதேன், சத்தம் வராமல்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது.

"திங்கட்கிழமை சேர்ந்துக்க முடியுமா கங்காஸ்?"

"ரோடு திறந்தா வந்துடறேன்மா."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தக் கம்ப்யூட்டரை அவன் அணைக்கவும் இல்லை, என்னைக் கிட்டே விடவும் இல்லை. மறுபடி பிடிக்காமல் போய்விட்டால்? பாலத்து ரோடு ஞாயிறு மாலை திறந்தது.

திங்கள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். கொட்டகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் நின்று, அதை அணைத்தான். மறுபடி ஸ்க்ரூடிரைவரால் தொட்டான். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு.

"ஒண்ணு, ரெண்டு..." என்றேன்.

"எண்ணாதக்கா" என்றான் ரெய்னோ. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொட்டியைப் பிட்டு காப்பியில் தோய்த்தான்.