எங்கள் காணிக்குள் ஓடிய பள்ளம்

சுவிஸின் பேர்ண் நகரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் என்னிடம், "உங்கள் ஊர் மலையின் பெயர் என்ன?" என்று கேட்டார். எங்கள் தீவில் மலை இல்லை என்றேன். போரில் அழிந்துபோனதாக நினைத்தாரோ என்னவோ, "மன்னிக்கவும்" என்று என் தோளைத் தொட்டார். அன்றிலிருந்து அல்ப்ஸ் மலைகளுக்கு வரைபடத்தில் நிழல் போடுவதுதான் என் தொழில். தட்டையான தாளில் சிகரத்தை எழுப்பிக் காட்ட என்னைப் போல ஆளில்லை என்ற கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்தில்தான் ஜெசிந்தா கைவைத்தாள். எங்கள் யாழ்ப்பாணத் தீவான வேலணையில் என்னோடு படித்தவள். கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். பள்ளிக்கூடச் சித்திரப் போட்டிகளில் அவள் முதலாவது, நான் இரண்டாவது. இப்போது அங்கேயே சித்திர ஆசிரியை. அவள் கீறிய வரைபடம் ஊர்ச் சண்டையைத் தீர்க்கப்போகிறது என்று அண்ணை தொலைபேசியில் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. சண்டையே எங்கள் காணியால் வந்தது. இடப்பெயர்வு முடிந்து திரும்பிய அண்ணை, கடற்றொழிலாளர் கடற்கரைக்குப் போகும் பாதையை மண்ணணை போட்டு மறித்தார். காணி என் பெயரில். "மறியுங்கோ" என்று இங்கிருந்து சொன்னவன் நான். பிறகு வலைகள் அறுக்கப்பட்டன, வேலி எரிந்தது. கடற்றொழிலாளரும் எங்கள் பக்கத் தோட்டக்காரரும் ஒரே கடையில் தேத்தண்ணி குடிப்பதையும் விட்டார்கள்.

மார்கழியில், நத்தார் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். வாசிகசாலைச் சுவரை நிறைத்துக்கொண்டு இருந்தது அந்த வரைபடம். கடலின் ஆழங்களைத் தொழிலாளர் சொல்ல, மழைத்தண்ணி ஓடும் வழிகளைத் தோட்டக்காரர் சொல்ல, அவள் கீறியிருந்தாள். முதலில் வேறு வேறு நாட்களில் வந்தவர்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்த வந்து, கடைசியில் ஒன்றாக இருந்தார்களாம்.

"உயரம் பிழை," என்றேன் ஜெசிந்தாவிடம். "ஒரு முழ மேட்டை மலை மாதிரிக் காட்டியிருக்கிறீர்."

"ஓம், வேணுமெண்டுதான். உள்ளபடி கீறினா எல்லாம் ஒரே தட்டை. ஆருக்கு என்ன விளங்கும்?" அவள் விரல் எங்கள் காணிக்கு வந்தது. "இந்தப் பள்ளத்தைப் பாரும். மாரித்தண்ணி கடலுக்குப் போறதும் இதாலதான், சனம் போறதும் இதாலதான். மறிச்ச தண்ணி இப்ப ஆரின்ர தோட்டத்தில நிக்குது?"

என்னோடு வந்திருந்த அண்ணை தலைகுனிந்தார். அவருடைய வெங்காயம் இரண்டு மாரியாக அழுகியது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. "எனக்குத் திறக்க விருப்பம்தான். காணி உன்ர. நீ சொல்லவேணும்," என்றார்.

"யோசிச்சுச் சொல்லுறன்." யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, பொறாமைதான். இரண்டு நாள் அளவுநாடாவோடு காணிக்குள் திரிந்து அவளிடம் பிழை தேடினேன். மூன்றாம் நாள் மழை கொட்டியது. அவள் நீலம் தீட்டிய அதே இடத்தில் என் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. என் கை எத்தனையோ மலைகளை எழுப்பியிருக்கிறது. எந்த மலைக்காகவும் இரண்டு பேர் சண்டையை விட்டதில்லை.

பாதையைத் திறக்கச் சம்மதித்து அன்றே கையெழுத்து வைத்தேன். மறுநாள் இரு பகுதியாரும் மண்வெட்டியோடு வந்து அணையை வெட்டினார்கள். ஒரே கேத்திலில் இருந்து ஊற்றிய தேத்தண்ணியை எல்லாரும் குடித்தார்கள். நானும் ஒரு ஓரத்தில் நின்று குடித்தேன்.

புறப்படுமுன் வாசிகசாலைக்குப் போனேன். ஒவ்வொரு வீட்டாரின் பெயரையும் ஜெசிந்தா வரைபடத்தில் தூரிகையில் தொட்ட பெயின்றால் எழுதிக்கொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "என்ர பேர்?"

அவள் பென்சிலை எடுத்து எங்கள் காணியில் எழுதினாள்.

"எனக்கு மட்டும் ஏன் பென்சில்?"

"அவையள் இஞ்ச இருக்கினம். நீரும் வந்து இரும், மேல பெயின்ற் அடிப்பன்."

கிட்டப்போய்க் குனிந்தால் பெயர் தெரிந்தது. இரண்டடி பின்வாங்கியதும் வெறும் மண்ணிறம்தான் இருந்தது.