மைக் இல்லாத நாடகம்

போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. கச்சிராயபாளையத்திலிருந்து நானும் என் மனைவியும் மிக்ஸி ரிப்பேருக்காகக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தோம். கடைக்காரர் மிக்ஸியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நாலு மணிக்கு மேல வாங்க" என்றார். அப்போது மணி ஒன்றரை. வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் தேடி நடந்தபோது ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள்: 'சின்ன நாடகங்களின் திருவிழா, அனுமதி இலவசம்.' ஆடியில் கல்யாணம் ஏது? சும்மா கிடந்த மண்டபத்தை நாடகக்காரர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஃபேனாவது ஓடும் என்றுதான் உள்ளே நுழைந்தேன்.

என் மனைவிக்கு அப்போது மூன்று வருடமாகக் காது சரியில்லை. ஒன்றில் சுத்தமாகக் கேட்காது, இன்னொன்றில் பாதிதான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள், நானும் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடகர் குழுவோடு முன்னால் நின்று பாடியவள், தொண்டை கட்டிக்கொள்கிறது என்று சொல்லிக் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். எனக்கோ பொறுமை கம்மி. "இன்னா சொன்னீங்க?" என்று இரண்டாவது தடவை கேட்டாலே எரிச்சல் வரும். "ஒண்ணுமில்ல, வுடு" என்று முடித்துவிடுவேன்.

முதல் நாடகம் சாப்பாட்டுக் கூடத்தில். எங்களில் இருபது பேரைப் பந்தியில் உட்காரவைத்து நிஜமாகவே வாழை இலை போட்டார்கள். இரண்டு கல்லூரிப் பெண்கள் காலி வாளியிலிருந்து காலிக் கரண்டியால் பரிமாறிக்கொண்டே ஒரு கல்யாண வீட்டுச் சண்டையை நடித்தார்கள். "ரசம் வர்றதுக்குள்ள மாப்ள வூட்டுக்காரங்க எழுந்துட்டாங்கடி" என்று ஒருத்தி அலறியதும் எல்லோரும் சிரித்தோம். என் மனைவியும் சிரித்தாள், ஆனால் ஒரு நொடி கழித்து. திரும்பிப் பார்த்தேன். அவள் நாடகத்தைப் பார்க்கவே இல்லை. எதிர்வரிசையில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்து, அவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொல்லிச்சு அந்தப் பொண்ணு?" என்று என் கையைத் தொட்டுக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, சும்மா தமாசு" என்றேன்.

அடுத்தது மண்டபத்துக் கார் ஷெட்டில். ஒரே ஆள், ஒரே கோணிப்பை. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டை சுமந்து இறங்குகிற ஒருவரின் கதை. அந்தப் பையே மூட்டையானது, மழைக்குப் போர்வையானது, கடைசியில் தோளில் தூங்கும் மகளாகவும் ஆனது. மூன்றடி தூரத்தில் அந்த நடிகரின் கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

முடிந்ததும் அவள், "போலாங்க, கால் வலிக்குது" என்றாள். கால் வலி இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று இழுத்துக்கொண்டு போனேன். எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அவளைப் பற்றி அப்போது நினைக்கவில்லை.

மூன்றாவது நாடகம் மணமகள் அறையில். நாங்கள் போனபோதே ஆரம்பித்துவிட்டிருந்தது. கதவில் ஏதோ அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதைப் படிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். முப்பது வயதிருக்கும் ஒரு பெண், கையில் ஒரு துண்டுச் சீட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒருவர் மேஜைக்குப் பின்னால் நின்று வாயை வாயை அசைத்தார். சத்தமே வரவில்லை. ஒரு நிமிடம் பார்த்தேன், இரண்டு நிமிடம் பார்த்தேன். மின்வாரியத்தில் முப்பது வருடம் வயர்மேனாக இருந்தவன் நான். ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். எழுந்து நின்று, மேஜைப் பக்கம் விரலை நீட்டி, கம்பத்தின் மேலிருந்து கீழே கத்துகிற அதே குரலில், "தம்பி, சவுண்டு வரல! மைக்க இன்னான்னு பாருங்க!" என்றேன்.

அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. மேஜைக்காரர் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பெஞ்சில் இருந்த பெண் மட்டும் திரும்பாமல் நடித்துக்கொண்டிருந்தாள்.

விழாக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் குனிந்து வந்து என் காதருகில், "ஐயா, அவங்க ரெண்டு பேருக்குமே காது கேக்காது. பேசவும் மாட்டாங்க. நாடகமே இப்படித்தான்" என்றாள்.

உடம்பெல்லாம் கூசிப்போனது. உட்கார்ந்துவிட்டேன். எழுந்து ஓடிவிடலாம் என்றால் கதவு அந்தப் பக்கம் இருந்தது. அப்போதுதான் என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஆஸ்பத்திரிங்க அது" என்றாள். "டோக்கன் வாங்கிக்கினு குந்தியிருக்கா. அந்த ஆளு நம்பரு கூப்புடறாரு. அவளுக்குக் கேக்கல."

கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு அவள் பேசுவது நாலு வரிசைக்குக் கேட்கும். வழக்கமாக நான் தொடையில் கிள்ளி அடக்குவேன். அன்று அடக்கவில்லை. எனக்கு ஒன்றும் புரியாத இடத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துகொண்டிருந்தது. "இப்ப பக்கத்துல இருக்கிற பொம்பளகிட்ட சீட்டக் காட்டறா. அந்தம்மா மூஞ்சியத் திருப்பிக்கிச்சு, பாருங்க." எங்கள் முன்னால் இருந்த ஒரு பெரியவர்கூட அவள் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்க ஆரம்பித்தார்.

நாடகத்தில் ஒவ்வொருவராக டாக்டரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோரையும் அந்த ஒரே நடிகர்தான் துண்டையும் கண்ணாடியையும் மாற்றி மாற்றி நடித்தார். கடைசியில் விளக்குமாறோடு வந்து, பெஞ்சைச் சுற்றிப் பெருக்கினார். அந்தப் பெண் சீட்டைப் பிடித்தபடியே காலை மட்டும் தூக்கிக்கொண்டாள். சிலர் சிரித்தார்கள்.

என் மனைவி சிரிக்கவில்லை. "எனக்கும் இப்படித்தாங்க ஆச்சு" என்றாள். இந்தத் தடவை உண்மையாகவே மெதுவாகச் சொன்னாள். "போன வருசம் சுகர் மாத்திரைக்குப் போயி சாயங்காலமா வந்தேன்ல. பஸ்ஸ வுட்டுட்டேன்னு சொன்னேன். பஸ்ஸெல்லாம் வுடல. என் நம்பரு எப்பவோ போயிடுச்சு. அது தெரியாம குந்திக்கினே இருந்தேன். மாத்திர வாங்கவே இல்ல."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தவளை, "ஊர் சுத்திட்டு வர்றியா?" என்று கேட்டேன். நேராக அரிசி களையப் போய்விட்டாள். மாத்திரை இல்லாமல் எத்தனை நாள் இருந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

நாடகம் முடிந்ததும் நான் கைதட்டினேன். மற்றவர்கள் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவர்களுக்குக் கைதட்டல் என்று அந்தக் குழுப் பெண் காட்டினாள். நானும் தூக்கினேன். கண் கலங்கியிருந்ததைத் துடைக்கக் கை இல்லை.

நான் கூப்பிடாமலே என் மனைவி எழுந்து அந்த நடிகையிடம் போனாள். தன் காதைத் தொட்டு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து 'கொஞ்சம்தான்' என்று காட்டினாள். மூன்று வருடமாக ஊரில் யாருக்கும் தெரியாமல் மறைத்த விஷயம் அது. அந்தப் பெண் தன் இரண்டு காதுகளையும் தொட்டு, ஒன்றுமே இல்லை என்று கையை விரித்துச் சிரித்தாள். இரண்டு பேரும் அதற்கு அப்படிச் சிரித்தார்கள். அன்று முதல் தடவையாக என் மனைவி அடுத்தவர் சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

நான் அந்த நடிகர் முன்னால் போய்க் கும்பிட்டேன். மன்னிப்பை எப்படிச் சைகையில் சொல்வது என்று தெரியவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திடீரென்று இடுப்பில் கை வைத்து, கழுத்தை நீட்டி, வாயை அகலத் திறந்து, ஒரு விரலால் இல்லாத மைக்கைக் காட்டினார். அச்சு அசலாக நான்தான். அறையே வெடித்துச் சிரித்தது. அதிகமாகச் சிரித்தது என் மனைவி. பிறகு அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போனோம். டோக்கன் வாங்கிக்கொண்டு நானும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது மிஷின் வைத்திருக்கிறாள். ஆனால் இரைச்சலாக இருக்கிறது என்று பாதி நாள் கழற்றி வைத்துவிடுகிறாள். அதனால் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், எழுந்து போய் அவள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டுதான் வாயைத் திறக்கிறேன். சில சமயம் போய் உட்கார்ந்த பிறகு சொல்ல வந்தது மறந்துபோகும். "இன்னா?" என்பதுபோல் அவள் புருவத்தைத் தூக்குவாள். முப்பத்து நாலு வருடம் ஒன்றாக இருந்தும், அவள் முகத்தை இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நேரம் நான் பார்க்க ஆரம்பித்தது அந்த ஆடி மாதச் சனிக்கிழமைக்குப் பிறகுதான்.