அக்காவுக்கு நான் எடுத்துக் கொடுத்த பலகை

எண்பதுகளின் கடைசியில் பினாங்குத் தீவுக்கு எதிரே இருக்கும் பட்டர்வொர்த் விமானத் தளத்திலிருந்து ஆஸ்திரேலிய விமானப்படையினர் பலர் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் நாற்காலி, ஃபேன், நாய்க்கூண்டு என்று எல்லாவற்றையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அவர்களில் ஒருவரிடமிருந்துதான் என் பள்ளித் தோழன் மூன்று அலைப்பலகைகளை வாங்கி வந்தான். அவன் வீட்டார் ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்தார்கள். அவனுக்கோ கடையைவிடக் கடல்தான் பிடித்தது. பழைய மோட்டார் படகு ஒன்று வைத்திருந்தான். எஞ்சின் பின்னால் தொங்காமல் படகின் வயிற்றுக்குள் இருக்கும்.

பினாங்குக் கடலில் சொல்லிக்கொள்ளும்படி அலை கிடையாது. அதனால் படகு போகும்போது அதன் பின்னால் எழும் அலையில் பலகை விடுவோம். முதலில் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், படகு இழுத்து நிமிர்த்திவிடும். அலை காலடியில் தள்ளத் தொடங்கியதும் கயிற்றை விட்டுவிட்டு அலைமேலேயே நிற்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ‘பத்து பிரிங்கி’ என்ற கடற்கரையில் தெரிந்தவர்களைக் கூட்டிவந்து விளையாடுவதாகத்தான் அது ஆரம்பித்தது. நாளாக நாளாக, தெரியாதவர்களும் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். யாருக்கு எந்தப் பலகை என்று எடுத்துக் கொடுப்பது என் வேலை. வாரநாட்களில் நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. வயது இருபத்தைந்து.

முதலில் எடையைக் கேட்க வேண்டும். அடுத்து உயரம். அதற்கடுத்து, இதற்குமுன் எத்தனை முறை நின்றிருக்கிறீர்கள் என்று. கனமான ஆளைச் சின்னப் பலகையில் ஏற்றினால் பலகை தண்ணீருக்குள் போய்விடும். ஒல்லியாக இருந்தாலும் புது ஆளுக்குச் சின்னது ஆகாது, வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். சந்தேகமிருந்தால் முழங்காலளவு தண்ணீரில் பலகையைப் போட்டு அதன்மேல் மண்டியிடச் சொல்வோம். பலகையின் மூக்கு முங்கினால் பெரிய பலகைக்கு மாற்றிவிடுவோம். ஒன்பதடி நீளத்தில் தடிமனான பலகை ஒன்று இருந்தது. அதில் யாரை ஏற்றினாலும் மிதக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் யானை. ‘யானைய எடு’ என்று கத்தினாலே கரையில் சிரிப்பு கிளம்பும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா இறந்தபிறகு ஜெலுத்தோங் ஃபிளாட்டில் அம்மாவையும் என்னையும் தாங்கி நின்றவள். பருத்த உடம்பு. கல்யாணம் ஆகவில்லை. கோயிலுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தி அவளை மேலும் கீழும் பார்த்து, “சோத்தக் கொறைக்கக் கூடாதா?” என்று கேட்காமல் விடமாட்டாள். அக்கா சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அன்று எங்கள் ஆபீஸ் பையன்கள் நாலு பேர் கரையில் இருந்தார்கள். அக்கா கொண்டுவந்த மீஹூன் சேமியாவைச் சாப்பிட்டுக்கொண்டு, அப்போதுதான் யானையில் ஏறி இறங்கிய தடித்த பையன் ஒருவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அக்கா எழுந்து நின்றாள்.

“தம்பி, நானும் ஒரு தடவ போறேன்.”

படகிலிருந்த என் பள்ளித் தோழன் சத்தம் போட்டுக் கேட்டான். “வாங்கக்கா! வெயிட் எவ்வளவு இருக்கும்?”

அக்கா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “அறுபதுதான் இருக்கும்லா. நடுப் பலகை போதும்.”

அறுபது இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். யானையை எடு என்று அந்த நாலு பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. மண்டியிட்டுப் பார்க்கவும் சொல்லவில்லை. மூக்கு முங்கினால் அவர்கள் சிரிப்பார்களே என்றுதான். மிதவைச் சட்டையையும் அப்படியே நடு அளவில் எடுத்தேன். மேல் கொக்கி மட்டும்தான் மாட்டியது. கீழே இரண்டும் எட்டவில்லை. ஒரு கயிற்றுத் துண்டால் கட்டிவிட்டு, “போதும்க்கா” என்றேன்.

பின்னால் பார்த்தபடி படகில் உட்கார்ந்துகொண்டேன். முதல் முறை இழுத்தபோது பலகை மூக்கைக் குத்திக்கொண்டு உள்ளே போனது. அக்கா மூழ்கி எழுந்தாள். இரண்டாவது முறையும் அப்படியே. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மூன்றாவது முறை எப்படியோ பாதி எழுந்துவிட்டாள். வாயெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி பலகை அடியில் அமுங்கிப் பக்கவாட்டில் பறந்தது. அக்கா மல்லாக்க விழுந்தாள்.

அவளை ஏற்றிக்கொள்ளப் படகைத் திருப்பியபோது எஞ்சின் இருமி நின்றது.

முதலில் பயம் வரவில்லை. எஞ்சின் இப்படி நிற்பது வழக்கம்தான். ஆனால் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசியது. இலேசான படகைக் காற்று ஒரு பக்கம் தள்ள, அக்காவை நீரோட்டம் வேறு பக்கம் கொண்டுபோனது. கட்டிய கயிறு அவிழ்ந்து மிதவைச் சட்டை அவள் காதுவரை ஏறிவிட்டது. இரண்டு கையாலும் அதைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தாள்.

“தம்பி!” என்று கூப்பிட்டாள். மறுபடியும், “தம்பி!”

குதிக்கப் போனேன். தோழன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “உனக்கு நீச்சல் அரைகுறை. நீயும் விழுந்தா நா யாரத் தேடுறது? உக்காரு!”

மழை ஒரு திரை மாதிரி வந்து எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் விழுந்தது. அவள் தலை தெரிந்த இடத்தில் வெள்ளையாய் மழை மட்டும்தான். கத்தினேன். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தோழன் எஞ்சின் மூடியைத் திறந்து எதையோ கழற்றினான், துடைத்தான், மாட்டினான். ஸ்பேனரை இரண்டு முறை கீழே போட்டான். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. எஞ்சின் பிடித்தபோது எனக்கு இன்னொரு பயம் வந்தது. இந்த மழையில் அவள்மேலேயே படகை விட்டுவிட்டால்? அடியில் விசிறி சுழல்கிறது.

முன்பக்கம் குப்புறப் படுத்துக் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டேன். அவள் தட்டுப்பட்டால் என் கையில்தான் முதலில் படவேண்டும். படகு நடைவேகத்தில் ஊர்ந்தது. முதலில் பலகை கிடைத்தது. அதன்மேல் யாரும் இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மிதந்தது. “அந்தா!” என்று அலறினேன். படகு நெருங்கியதும் எட்டி இழுத்தேன். சட்டை மட்டும் வந்தது. மேல் கொக்கி அவிழ்ந்திருந்தது.

அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று யோசித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அக்கா உயிரோடு இருக்கிறாளா என்பதற்கு முன்னால், வீட்டில் என்ன சொல்வது என்று என் புத்தி ஓடிவிட்டது. தோழன் வாய்க்குள் ஓதிக்கொண்டே படகை வட்டமடித்து விட்டான்.

மழை விட்டபோது கடல் துடைத்த மாதிரி இருந்தது. எங்கும் யாரும் இல்லை. டீசல் முள் கீழே வந்துவிட்டது. கரைக்குப் போய் ஆட்களைக் கூட்டிவரலாம் என்று அவன் படகைத் திருப்பினான்.

ஆபீஸ் பையன்கள் தண்ணீரில் இறங்கி ஓடிவந்தார்கள். “அக்கா இங்கதான் இருக்காங்க! கடையில இருக்காங்க!”

கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில், யாருடையதோ பூப்போட்ட சாரோங்கைச் சுற்றிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மலாய் மீனவர் சிகரெட்டைக் காயவைத்துக்கொண்டிருந்தார். மழை பிடிப்பதற்குள் வலையை எடுக்கப் போனவர், வலைக்கு அடையாளமாக விட்டிருந்த பிளாஸ்டிக் டிரம்மைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் மிதப்பதைக் கண்டு தன் சம்பான் படகில் ஏற்றி வந்திருக்கிறார்.

அக்காவின் கையில் தேத்தண்ணி இருந்தது. நான் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை.

“சட்ட கழுத்த நெரிச்சிருச்சிடா. மூஞ்சிய மூடிட்டு மூச்சே விட முடியல. கழட்டி விட்டுட்டேன்,” என்றாள். “அப்புறம் மல்லாந்து படுத்துக்கிட்டேன். நர்ஸ் ஹாஸ்டல்ல இருக்கறப்ப ஒருத்தி சொல்லிக் குடுத்தது. கண்ணத் தொறந்தா மழ குத்துது. மூடுனா செத்துட்ட மாதிரி இருக்கு. அதனால எண்ணிக்கிட்டே இருந்தேன். எத்தன எண்ணுனேன்னு தெரியல. அப்புறம் அந்த டிரம்மு கையில தட்டுச்சு.”

தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். “அறுபதுன்னு ஏண்டா சொன்ன?”

சொன்னேன். பையன்கள் சிரிப்பார்கள் என்று பயந்ததை, யானை என்ற பெயரை, எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெனம் பத்து பேர தராசுல ஏத்தி எழுதறவடா நான். எழுபத்தெட்டு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யான மேல ஏறிப் போயிருப்பேன். அவங்க சிரிச்சா என்ன?” என் தலையை நிமிர்த்திச் சொன்னாள். “வெக்கம் எனக்கில்லடா. உனக்கு.”

பஸ்ஸில் வீடு திரும்பினோம். ஈரத்தைப் பார்த்து அம்மா கேட்டதற்கு, “மழையில மாட்டிக்கிட்டோம்மா,” என்று அக்கா சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் ஊற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் சத்தம் நின்றாலும் கதவைத் தட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா மறுபடியும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. கரையில் இறங்கியதும் தன் எடையைத் தானே உரக்கச் சொன்னாள். தோழன் எஞ்சினை அதற்குள் பிரித்துப் பழுது பார்த்து வைத்திருந்தான். ஒன்பதடிப் பலகையைத் தண்ணீரில் போட்டு மண்டியிடச் சொன்னேன். மூக்கு அசையவில்லை. நாலாவது இழுப்பில் எழுந்து நின்றாள். கயிற்றை விடவில்லை, ஆனால் நின்றாள். கரையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அவளைச் சுற்றியிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கரையேறியதும் படகின் மறுபக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

அக்கா இப்போது தாசேக் கெலுகோரில், ஓய்வு பெற்று, சின்ன வீடு ஒன்றில் இருக்கிறாள். முழங்கால் வலி. ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போன் செய்வாள். எட்டேகால் ஆகியும் மணி அடிக்கவில்லை என்றால் நானே கூப்பிடுவேன். “மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்டா, என்ன இப்ப?” என்று எரிந்து விழுவாள். அந்த எரிச்சலைக் கேட்டபிறகுதான் நான் பல் விளக்கப் போவேன்.