பதினேழாம் எண்ணின் மங்கல்

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் அமாவாசையை இரண்டு பேர் குறித்து வைப்போம். நைனா நீலப் பேனாவால் வட்டம் போடுவார். அவர் பஸ் ஓட்டுநர். அன்றைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு விடும் ஸ்பெஷல் பஸ்ஸில் டியூட்டி விழும். நான் அதே கட்டத்தின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். நிலா இல்லாத இரவுகளில் எடுத்த படங்களில்தான் வானத்தின் பின்னணி இருட்டாக இருக்கும். மங்கலான பொருள்களின் அளவை ஓரளவு நம்பலாம். வட்டமும் புள்ளியும் ஒன்றையொன்று இடித்ததில்லை.

அந்த ஆண்டு நான் ஆய்வு செய்யும் இடத்து விடுதியில் குழாய் மாற்றும் வேலை நடந்ததால் இரண்டு மாதம் செஞ்சியில் வீட்டோடு இருந்தேன். என் வேலைக்கு தொலைநோக்கி பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் ஒரு மலைமேல் இருக்கும் கருவி, வானம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, சில நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் படம் பிடிக்கிறது. படங்களும் அளவுகளும் யாருக்கும் கிடைக்கும். நான் செய்வது, அவற்றிலிருந்து முப்பத்தெட்டு பொருள்களின் பிரகாசத்தை எடுத்து வரிசைப்படுத்துவது. எல்லாமே வெகுதூரத்து விண்மீன் மண்டலங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெரிய கருந்துளை இருக்கிறது. அதில் விழும் வாயு சூடேறி ஒளிர்கிறது. அந்த ஒளி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும் அளவுக்குப் பெரிதானால் அதற்குக் குவாசர் என்று பெயர். விழும் வாயு கூடினால் ஒளி கூடும், குறைந்தால் குறையும். ஆகவே பிரகாசத்தைத் தொடர்ந்து அளந்தால் அங்கே என்ன நடக்கிறது என்று ஓரளவு சொல்லலாம்.

என் பட்டியலில் பதினேழாம் எண் ஒரு குவாசர். படங்கள் எடுக்கத் தொடங்கிய மூன்றாம் ஆண்டின் நடுவில் அது திடீரென்று ஏறக்குறைய பாதியாக மங்கியிருந்தது. அப்படி மங்குபவை அபூர்வம். அது உண்மையானால் என் ஆய்வேட்டுக்கு நாலாவது அத்தியாயம் கிடைக்கும், உதவித்தொகை முடிந்தபின் வேறிடத்தில் வேலை கேட்கக் கையில் ஒன்று இருக்கும். இல்லையென்றால் மூன்று அத்தியாயம், எல்லாரும் ஏற்கெனவே சொன்னதையே இன்னொரு முறை சொல்பவை. எங்கள் பேராசிரியை, நாங்கள் மேடம் என்று கூப்பிடுபவர், பெரிய தொலைநோக்கி ஒன்றில் அதற்காக ஓர் இரவு கேட்கலாம் என்றார். விண்ணப்பத்தை நானும், ஆய்வுக்கூடத்தில் எனக்கு அடுத்த மேசையில் உட்காரும் தோழியும் சேர்ந்து எழுதினோம். அதே இரவில் அவளுடைய பொருள் ஒன்றையும் பார்த்துக்கொள்வதாகத் திட்டம்.

கடைசி நாள் ஓர் அமாவாசை. மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மேடம் அன்று விமானத்தில் இருந்தார், ராத்திரிதான் இறங்குவார். விண்ணப்பம் முடிந்திருந்தது. ஒரே ஒரு பெட்டி மட்டும் காலி: நீக்கப்பட்ட அளவுகள் எத்தனை, ஏன்.

அம்மா முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தாள். ரவிக்கை வாங்க வந்த பெண் கதவு வழியாக என் திரையைப் பார்த்தாள்.

"உங்க பொண்ணு கம்ப்யூட்டர்ல இன்னா பண்ணுது?"

"நட்சத்திரம் அளக்குதாம்," என்றாள் அம்மா, வாயில் ஊசியோடு.

"எந்த நட்சத்திரம்? என் மவனுக்குக் கேட்டை. ஒண்ணும் அமைய மாட்டேங்குது."

"அது அளக்கறது எதுவும் உன் மவனுக்கு ஒத்து வராது. எல்லாம் ரொம்ப தூரத்து சம்பந்தம்."

"தூரமா இருந்தா இன்னாக்கா, பஸ்ஸு வுட்டுட்டாங்க இல்ல எல்லா ஊருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் காற்று வராது.

பதினேழுக்கு நான் நீக்கியவை பதினொரு அளவுகள். எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதும். ஆனால் எனக்கு எதையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, எதிரே காரணம் எழுதினால்தான் முடிந்த மாதிரி இருக்கும். மளிகைச் சாமான் பட்டியலிலும் அப்படித்தான். எழுதினேன். முதலாவது, மேகம். இரண்டாவது, மேகம். மூன்றாவது, முழுநிலா அருகில். நாலாவது, படத்தின் விளிம்பு. இப்படி ஏழு வரை போனது. மீதி நாலுக்கு எழுத ஒன்றுமில்லை. மற்ற புள்ளிகளோடு ஒட்டாமல் விலகி நின்றதால் என் கணினி நிரல் தானாகவே நீக்கியிருந்தது. விலகி நிற்பது ஒரு காரணம் ஆகாது. அது அடையாளம் மட்டும்.

அந்த நாலையும் எடுத்துப் பார்த்தேன். நாலுமே அமாவாசையை ஒட்டிய நல்ல இரவுகள். ஒவ்வொரு இரவிலும் பதினேழுக்கு இரண்டு அளவுகள் இருந்தன. ஒன்று பிரகாசம், அரை மணிக்குள் எடுத்த இன்னொன்று மங்கல். குவாசர் அரை மணியில் பாதியாகாது. அத்தனை பெரிய இடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி போய்ச் சேரவே நாள்கணக்கில் ஆகும்.

இரண்டு அளவுகளுக்கும் எதிரே கட்ட எண் வேறு வேறாக இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வானத்தின் கட்டங்கள் விளிம்பில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். பதினேழு அப்படி இரண்டு கட்டத்திலும் விழும் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மூலப்படம் உண்டு. நல்ல இரவுகள் சிலவற்றைச் சேர்த்துச் செய்தது. அன்றன்றைய படத்திலிருந்து மூலப்படத்தைக் கழித்தால் மிஞ்சுவது மாற்றம் மட்டும். அந்த மாற்றத்தோடு மூலப்படத்தில் அந்தப் பொருளுக்கு இருந்த பிரகாசத்தைக் கூட்டினால் அன்றைய அளவு வரும். நான் எல்லாவற்றுக்கும் முதல் கட்டத்தின் மூலப்படத்தையே கூட்டியிருந்தேன். இரண்டாம் கட்டத்தின் மூலப்படம், குவாசர் சில மாதம் கூடுதலாக ஒளிர்ந்தபோது எடுத்தது. பெரிய தொகையைக் கழித்துவிட்டுச் சிறிய தொகையைக் கூட்டியிருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டில் பெரும்பாலும் முதல் கட்டம், மூன்றாம் ஆண்டின் நடுவில் கருவி படம் பிடிக்கும் வரிசை மாறிய பிறகு பெரும்பாலும் இரண்டாம் கட்டம். மங்கியது அப்படித்தான்.

நான் சோதிக்காமல் இல்லை. பக்கத்திலிருந்த பத்து சாதாரண நட்சத்திரங்களை அதே நிரலில் போட்டுப் பார்த்திருந்தேன். பத்தும் அசையாமல் நின்றன. நிற்கத்தான் செய்யும். மாறாத பொருளுக்கு எந்த மூலப்படத்தைக் கழித்தாலும் பூஜ்யம்தான் மிஞ்சும். மாறுகிற பொருளில் மட்டுமே வெளியே வரும் பிழையை, மாறாதவற்றை வைத்துத் தேடியிருக்கிறேன்.

மணி ஒன்றே முக்கால். சரியான தொகையைக் கூட்டி வரைபடத்தை மறுபடி போட்டேன். மங்கல் போய்விட்டது. கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, எல்லாக் குவாசரும் செய்வதைச் செய்திருந்தது.

நைனா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையின் பட்டனைப் போட்டபடி எட்டிப் பார்த்தார்.

"சாப்டியா?"

"இன்னும் இல்ல நைனா."

"இன்னா, அனுப்பிட்டியா?"

"தப்பு வந்துட்டுது. நான் மங்கினதா சொன்னது மங்கவே இல்ல."

அவர் கடைசிப் பட்டனைப் போட்டார். "நல்லதுதானே அது?" என்றார்.

"எனக்கு இல்ல."

"சரி, சாப்ட்டுட்டு பாரு," என்று டிபன் பையை எடுத்துக்கொண்டு போனார். தெருவில் யாரோ அவரிடம் மலையனூர் வண்டியில் சீட் போட்டு வைக்கச் சொன்னது கேட்டது. "டிரைவர் சீட்டு ஒண்ணுதான் என் கையில இருக்குது, வர்றியா?" என்றார்.

தோழிக்கு போன் செய்தேன். அமாவாசை அன்று கோயில் கூட்டத்தால் இங்கே நெட்வொர்க் இழுக்கும். மூன்றாவது முறைதான் கிடைத்தது. நடந்ததைச் சொன்னேன். அவளுடைய பொருளுக்கும் அந்த ஓர் இரவுதான் வழி. விண்ணப்பம் நிற்பது பதினேழின் மேல். அதை எடுத்தால் மீதியும் விழும்.

"சரியாத்தான் பாத்தியா?"

"ரெண்டு தடவ. நாலு ராத்திரியும் இப்ப ஒண்ணா உக்காருது."

"இன்னைக்கே கண்டுபிடிக்கணுமாடி உனக்கு? நாளைக்குக் கண்டுபிடிச்சிருந்தா ஆகாதா?"

"அந்தப் பெட்டியில காரணம் கேட்டிருந்தாங்க."

"எல்லாரும் 'தரம் குறைவு'ன்னு எழுதுவாங்க. நீ ஒருத்திதான் ஒண்ணு ஒண்ணா எழுதுவ." பிறகு, "நாம கேக்கறது பாக்கறதுக்குத்தானே? பாத்துட்டு மங்கவே இல்லன்னு எழுதிடலாம். மேடம் இறங்கட்டும், அப்பறம் கேக்கலாம். இப்ப அனுப்பி வை," என்றாள்.

"வரைபடம் தப்புன்னு இப்ப எனக்குத் தெரியும்."

"எனக்கும் இப்பத் தெரிஞ்சு போச்சே. அதுக்குத்தான் போன் பண்ணியா?"

"ஆமா."

"நல்லா இருப்ப," என்றாள். கோபம் இருந்தது. ஆனாலும் உடனே வைக்கவில்லை. "மேடத்துக்கு மெயில்ல என் பேரையும் போடு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் விண்ணப்பத்த எடுத்தோம்னு," என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

மூன்று மணிக்கு கரண்ட் போனது. தையல் மெஷின் மோட்டார் நின்றதும் வீடு அமைதியானது. அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்து கால் நீட்டினாள். லேப்டாப்பில் பாட்டரி இருந்தது. போனிலிருந்து இணையத்தை இழுத்து, விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தேன். நீக்க வேண்டுமா என்று ஒருமுறை கேட்டது. நிச்சயமாகவா என்று இன்னொருமுறை கேட்டது. மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு நீக்கினேன். மேடத்துக்கு நடந்ததை ஆறு வரியில் எழுதி, பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

"முடிஞ்சிதா?" என்றாள் அம்மா.

"எடுத்துட்டேன்."

"இத்தினி நாளு எழுதினியே."

"ஆமா."

அவள் எழுந்து போனாள். சோறு போட்டுக்கொண்டு வந்தாள். சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் காரக்குழம்பு, அப்பளம். பசி இருந்திருக்கிறது.

மறுநாள் காலை மேடத்தின் பதில் வந்திருந்தது. மூன்றே வாக்கியம். விண்ணப்பத்தை எடுத்தது சரி. பட்டியலில் வேறு எத்தனை இரண்டு கட்டத்தில் விழுகின்றன என்று பார். அதுவரை மூன்றாம் அத்தியாயத்தை யாருக்கும் காட்டாதே.

கடைசி வாக்கியத்தை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. ஒன்றைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நிரல் முப்பத்தெட்டுக்கும் ஒன்றேதான்; மூன்றாம் அத்தியாயம் அந்த முப்பத்தெட்டையும் வைத்து எழுதியது.

பார்த்தேன். இன்னும் ஐந்து இருந்தன. ஒவ்வொன்றையும் பிரித்து, தன் தன் மூலப்படத்தோடு கூட்டி, மறுபடி வரைந்தேன். நாலில் ஏற்ற இறக்கம் முன்பிருந்ததைவிடக் குறைந்தது. ஐந்தாவதில் புள்ளிகள் போதவில்லை; ஒன்றும் சொல்ல முடியாது என்று எழுதினேன். இந்த வேலைக்கு ஒன்பது நாள் ஆனது. நைனா மலையனூர் டியூட்டி முடிந்து வந்து பகலெல்லாம் தூங்கியதும், பழையபடி திண்டிவனம் வண்டிக்குப் போனதும் அந்த ஒன்பது நாளுக்குள் அடங்கியவை. ஒருநாள் அவர், "அந்த மங்காதது இன்னாச்சு?" என்று கேட்டார். இருக்குது நைனா என்றேன்.

ஆய்வேடு மூன்று அத்தியாயத்தோடு போயிற்று. மூன்றாவதில் ஒரு பகுதி இந்தப் பிழையைப் பற்றியது. யாரும் ஆச்சரியப்படும்படி அதில் எதுவும் இல்லை. தோழி அடுத்த சுற்றில் தன் பொருளுக்குத் தனியாக விண்ணப்பித்தாள், கிடைக்கவில்லை. அதற்கடுத்த சுற்றுக்கு, நீக்கிய அளவுகளின் பட்டியலை எனக்கு அனுப்பி, காரணம் சரியா என்று பார்க்கச் சொன்னாள். இரண்டுக்கு எதிரே கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினேன். பதிலுக்கு அவள் அனுப்பிய வார்த்தையை இங்கே எழுத முடியாது.

என் அட்டவணையில் இப்போது பெயருக்கும் தேதிக்கும் முன்னால் முதல் நெடுவரிசையாகக் கட்ட எண் இருக்கிறது. பதினேழும் அதே இடத்தில் இருக்கிறது. புதிய அளவுகள் வந்ததும் சேர்க்கிறேன். கொஞ்சம் கூடுகிறது, கொஞ்சம் குறைகிறது. அதன் வரிக்கு எதிரே குறிப்பு எழுதும் இடத்தை, எழுத ஏதாவது நடக்கும் வரை, காலியாக விட்டிருக்கிறேன்.